நாங்கள் லினக்ஸ் தெரிந்தெடுத்த சனிக்கிழமை

எனது மடிக்கணினியின் விசைப்பலகையில் நோர்வே மொழி எழுத்துகள் இருந்தன. ஆங்கில ஓவின் குறுக்கே ஒரு கோடு, ஏயின் தலையில் ஒரு சின்ன வட்டம். நோர்வேயில் இருக்கும் என் தங்கை, தான் பாவித்த கணினியை ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தாள். அந்த எழுத்துகள் எனக்கு ஒரு தொந்தரவும் தரவில்லை. தமிழ்த் தட்டச்சுப் பழகியவள் விசையைப் பார்த்து அடிப்பதில்லை. விரல்களுக்கு வழி தெரியும்.

குருநகரில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் வேலைத்தலம். விண்ணப்பங்கள், மீனவர் சங்கக் கடிதங்கள், கலியாண அழைப்பிதழ்கள், எல்லாவற்றிலும் அதிகமாக மரண அறிவித்தல்களும் நினைவஞ்சலிகளும் அடித்துக் கொடுப்பேன். இறந்தவரின் பெயரில் ஒரு புள்ளி தவறினாலும் அந்தக் குடும்பம் அதை ஆயுளுக்கும் மறக்காது. ஆகவே எழுத்துப் பிழை என் கண்ணுக்கு உடனே படும். இதைத் தவிர எனக்குக் கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது. போடுவேன், அடிப்பேன், அச்செடுப்பேன், நிறுத்துவேன். அவ்வளவுதான்.

கணினிக்கு வயது போய்க்கொண்டிருந்தது. காலையில் அதைப் போட்டுவிட்டு உலையில் அரிசியைப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தயாராகும். ஒருநாள் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர், கணவரின் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிக்கு எழுதிய தாளோடு வந்து உட்கார்ந்தார். பாதி அடித்தபோது திரை உறைந்தது. மீண்டும் போட்டேன். மீண்டும் உறைந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே ஆனபோது எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ" என்றேன்.

"அவர் உயிரோடை இருக்கேக்கையும் ஆரையும் அவசரப்படுத்தேல்லை, பிள்ளை. நீ ஆறுதலா அடி" என்றார்.

அவர் அப்படிச் சொல்லாமல் என்னை ஏசியிருந்தால் இன்னும் கொஞ்சநாள் சமாளித்திருப்பேன். அந்தப் பொறுமைதான் என்னை மறுநாள் காலையிலேயே யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போக வைத்தது.

கணினி திருத்தும் கடையில் எனக்கு முன்னால் ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும். மடியில் ஒரு மேசைக்கணினியின் பெட்டியைக் குழந்தையைப் போலக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் முதலில் அவருடையதைப் பார்த்தார், பிறகு என்னுடையதைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே தீர்ப்பு.

"இதுகள் பழசு அக்கா. இதுகளுக்குப் புது விண்டோஸ் ஏறாது. பழசுக்கும் இனிப் பாதுகாப்பு ஒண்டும் வராது. வேறை ஒண்டு எடுக்கப் பாருங்கோ."

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் வேறு ஒன்று எடுக்கும் நிலையில் நானும் இல்லை, மற்றவரும் இல்லை. இருவரும் ஒன்றாகவே வெளியே வந்தோம். பஸ் நிலையம் வரை அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். சண்டிலிப்பாயில் இருக்கிறாராம். ஆங்கில ஆசிரியை. வீட்டில் வைத்துப் பாடக்குறிப்புகள் தயாரிக்கிற பெட்டியாம் அது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவர் திடீரென்று கேட்டார். "அக்கா, லினக்ஸ் எண்டு கேள்விப்பட்டிருக்கிறியளே?"

"பேர் மட்டும் கேள்விப்பட்டனான்."

"நானும் பேர் மட்டுந்தான். பழைய கொம்பியூட்டரிலையும் நல்லா ஓடுமாம். ஆரும் சும்மா எடுத்துப் போடலாமாம். எனக்குத் தனியச் செய்யப் பயமாக் கிடக்கு. ரெண்டு பேருமாச் செய்து பாப்பமே?"

முன்பின் தெரியாத ஒருவர். ஆனால் அவருடைய முகத்தில் இருந்த ஆசை எனக்கும் தொற்றிவிட்டது. கைப்பேசி இலக்கத்தைக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் எனக்கு ரீச்சர், நான் அவருக்கு அக்கா.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. லினக்ஸ் என்பது ஒன்றல்ல. அதன் உள்ளே இருக்கும் கருவை எடுத்து, ஒவ்வொரு குழுவும் தன் விருப்பப்படி மேசையும் அலுமாரியும் போட்டு ஒவ்வொரு வீடாகக் கட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒருவர் இதுதான் புதிதாக வருபவர்களுக்கு நல்லது என்பார். கீழே இன்னொருவர் வந்து, அதைத் தொடவே வேண்டாம் என்று சண்டை பிடிப்பார். மீன் சந்தை ஏலத்தில்கூட அவ்வளவு சத்தம் கேட்டதில்லை.

ரீச்சர் பாடசாலை விட்டதும் தினமும் தொலைபேசி எடுப்பார். "அக்கா, இண்டைக்கு இன்னொண்டு கண்டுபிடிச்சன்! சரியான வடிவு!" மறுநாள் அது பிடிக்காமல் போயிருக்கும். வேறொன்றைச் சொல்வார். எனக்குத் தலை சுற்றியது. ஒரு கொப்பியை எடுத்து, எனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று எழுதினேன். தமிழ் அடிக்க வேண்டும், நான் பழகிய மாதிரியே அடிக்க வேண்டும். என் பழைய அஞ்சலிகள் எல்லாம் திறக்க வேண்டும். அச்சுப்பொறி வேலை செய்ய வேண்டும். எழுதி முடித்தபோது ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவுதானா நான் கேட்பது?

அடுத்த நாள் ரீச்சர் எடுத்தபோது குரல் உச்சத்தில் இருந்தது.

"அக்கா, நாங்கள் வாசிச்சு வாசிச்சு மண்டையை உடைக்கத் தேவையில்லை! உதுகளைப் பென்ட்ரைவிலை போட்டு, அதிலையிருந்தே ஓட்டிப் பாக்கலாமாம். உள்ளுக்கு ஒண்டையும் அழிக்காதாம். பிடிக்காட்டில் கழட்டிப்போட்டு அடுத்ததைக் குத்தலாம்."

"மெய்யாவோ?"

"மெய்யா. புடவைக் கடையிலை சீலையைத் தோளிலை போட்டுப் பாக்கிற மாதிரி!"

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அதுவரை என்னை மறித்துக்கொண்டிருந்த பயம் அதுதான். ஒன்றைத் தெரிந்தெடுத்தால் மற்றதெல்லாம் போய்விடும் என்ற பயம். போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் எனக்கென்ன பயம்?

சனிக்கிழமை காலையில் மடிக்கணினியைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு சண்டிலிப்பாய்க்கு பஸ் ஏறினேன். ரீச்சர் வீட்டைச் சுற்றித் தோட்டம். பயிற்றங்காய்ப் பந்தலுக்கு அந்தப் பக்கம் புகையிலை நின்றது. உள்ளே சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அவருடைய பெட்டியையும் திரையையும் தயாராக வைத்திருந்தார். வாரம் முழுவதும் வீட்டு இணையத்தில் தரவிறக்கி, மூன்று பென்ட்ரைவ்களில் மூன்று வகை லினக்ஸ் எழுதி வைத்திருந்தார். மாறிப்போகாமல் இருக்க நகப்பூச்சால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. அவற்றின் உண்மையான பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. எங்கள் இரண்டு பழைய கணினிகளில் நடந்ததை வைத்து ஒன்றை நல்லது, மற்றதைக் கூடாது என்று சொல்வது சரியில்லை.

ஒரு புள்ளியை என் மடிக்கணினியில் குத்தினோம். கணினி எழும்பும்போது ஒரு விசையை விடாமல் தட்ட வேண்டும், அப்போதுதான் பென்ட்ரைவைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். எந்த விசை என்று தெரியாது. முதல் தடவை பிந்திவிட்டோம். இரண்டாம் தடவை வேறு விசை. மூன்றாம் தடவை ரீச்சர் மேல்வரிசை முழுவதையும் ஆர்மோனியம் வாசிப்பது போலத் தட்டினார். கறுப்புத் திரை வந்தது. வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின.

"ஐயோ, உடைச்சுப்போட்டமோ?" என்றேன்.

"சத்தம் போடாதேங்கோ அக்கா. வருது, வருது..."

வந்தது. திரை முழுவதும் ஒரு புதிய நிறம். நான் ஒருபோதும் காணாத ஒரு முகப்பு. அதே கணினி, அதே கீறல் விழுந்த மூடி, ஆனால் உள்ளே வேறொன்று உயிரோடு நின்றது. ரீச்சர் கைதட்டினார். நானும் தட்டினேன். இரண்டு வளர்ந்த பெண்கள் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்று கைதட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு புள்ளி நல்ல அழகு. சாளரங்கள் மிதந்து வந்து திறந்தன. ஆனால் கால்மணி நேரத்தில் என் கணினி சூடாகி, உள்ளே இருக்கும் காற்றாடி கச்சான் காற்றைப் போல இரைந்தது. என் கணினிக்கு அது பாரம். மனமில்லாமல் கழற்றினேன்.

இரண்டு புள்ளி அதற்கு நேர்மாறு. கண்ணுக்குக் கவர்ச்சியாக ஒன்றுமில்லை. ஆனால் தொட்ட மாத்திரத்தில் திறந்தது. ரீச்சருடைய பெட்டியிலும் அதைக் குத்திப் பார்த்தோம். அந்தப் பழைய பெட்டி அப்படி ஓடியதை அவர் ஒருநாளும் கண்டதில்லையாம். "அக்கா, பாருங்கோ, பாருங்கோ, எவ்வளவு கெதி!" என்று ஒன்றையே பத்துத் தரம் திறந்து மூடினார். என் மடிக்கணினியில் மட்டும் அது வைஃபையைக் காணவில்லை. கைப்பேசியைக் கம்பியால் இணைத்தபோது இணையம் வந்தது. ரீச்சருக்கு அது ஒரு விடயமே இல்லை. எனக்குத்தான் மனம் ஒட்டவில்லை. எதையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மூன்று புள்ளியைப் போட்டதும், என் கை தானாகவே கீழ்மூலைக்குப் போனது. அங்கேதான் பட்டியல் இருந்தது. கடிகாரம் நான் தேடும் இடத்தில் இருந்தது. வைஃபையும் வந்தது. ரீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தார்.

"இதிலை என்ன புதுசு அக்கா? நீங்கள் வைச்சிருந்த மாதிரியே கிடக்கு."

"அதுதான் எனக்கு வேணும், ரீச்சர்."

"உவ்வளவு தூரம் வந்து, பழைய வீட்டுக்கே போறியளே?"

"வீடு புதுசு. அடுப்படி இருக்கிற இடந்தான் பழசு."

கொஞ்சநேரம் நன்றாகவே வாதாடினோம். பிறகு, இருவரும் ஒன்றையே எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது என்ற கேள்வி இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. அவருக்கு இரண்டு புள்ளி, எனக்கு மூன்று. ஆனால் நான் இன்னும் முடிவு சொல்லவில்லை. தமிழை இன்னும் அடித்துப் பார்க்கவில்லை.

அமைப்புகளுக்குள் போய் விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தோம். தமிழுக்கே பல வகை. சில இந்தியாவில் புழங்குபவை, அடித்துப் பார்த்தால் என் விரல் எங்கோ போனது, எழுத்து எங்கோ வந்தது. இன்னும் கீழே போனபோது இலங்கை என்று போட்டு ஒன்று இருந்தது. தட்டச்சுப்பொறிக் காலத்து ஒழுங்கை ஒட்டியது. அதைத் தெரிந்தெடுத்து, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒன்றும் யோசிக்காமல் அடித்தேன்.

கண்ணீர் அஞ்சலி.

வந்தது! ஒரு எழுத்து மட்டும் இடம் மாறி விழுந்தது. மற்றதெல்லாம் அப்படியே வந்தது.

"ஐயோ அக்கா!" ரீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நல்ல நாளிலை முதன்முதல் அடிக்கிற சொல்லோ இது?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் விரல்களுக்குத் தெரிந்த முதற்சொல் அதுதான். நான் என்ன செய்ய? இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

சிரிப்பு ஓய்ந்ததும் என் பழைய கோப்புகளைத் திறந்தேன். பல ஆண்டுகளாக அடித்து வைத்த அஞ்சலிகள், கடிதங்கள் எல்லாம் தமிழே இல்லாமல் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குலைந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் அப்படியே.

"எல்லாம் போச்சு, ரீச்சர்."

"போகேல்லை. பென்ட்ரைவ் உள்ளுக்கு ஒண்டையும் தொடாது எண்டெல்லோ வாசிச்சனாங்கள். பொறுங்கோ." அவர் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "நீங்கள் முந்தி எந்த எழுத்துருவிலை அடிச்சனீங்கள்?"

"பாமினியிலை."

"அந்த எழுத்துரு இதிலை இல்லையெல்லோ? அப்ப அது எப்பிடித் தமிழாத் தெரியும்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாமினியில் அடித்தவை உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. கணினியின் உள்வட்டை இந்தப் பென்ட்ரைவிலிருந்தே திறக்க முடிந்தது. தேடித் தேடி அந்த எழுத்துருவின் சின்னக் கோப்பைக் கண்டுபிடித்து இரண்டு தரம் தட்டினேன். நிறுவச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு பொத்தான். அழுத்தினேன். பழைய கோப்பை மூடித் திரும்பத் திறந்தேன்.

எல்லோரும் திரும்பி வந்திருந்தார்கள். பெயர்கள், பிறந்த ஊர்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், ஒரு புள்ளிகூடத் தவறாமல்.

"மூண்டு புள்ளி" என்றேன். "இதுதான்."

பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிடலாமா என்று இருந்தது. வாயை மூடிக்கொண்டு மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ரீச்சர் குருநகருக்கு வந்தார். என் கோப்புகளையும் பாமினி எழுத்துருவையும் வெளியே ஒரு வட்டில் பிரதி எடுத்து, அது திறக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் நிறுவத் தொடங்கினோம். ஒரு கட்டத்தில் திரை கேட்டது: வட்டில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கவா? அம்புக்குறியைப் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டு நான் அப்படியே இருந்தேன்.

என் கணவர் மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்து, குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வாரம் முழுவதும் எங்கள் கதையைக் கேட்டுக் களைத்தவர்.

"இஞ்சரும், உது அவ்வளவு நல்ல சாமான் எண்டால் ஏன் சும்மா குடுக்கிறாங்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரீச்சர் திரும்பினார். "அண்ணை, உங்கடை எஞ்சின் பழுதானால் ஆர் திருத்துறது?"

"நான்தான். இல்லாட்டில் பக்கத்துப் படகுக்காரன்."

"அவன் மூடியைத் திறந்து பாக்கலாமோ?"

"பாக்காமல் எப்பிடித் திருத்துறது?"

"இதுவும் அப்பிடித்தான். மூடியை ஆரும் திறக்கலாம். ஒவ்வொரு ஊரிலையும் இருக்கிறவை திறந்து பாத்துத் திருத்துகினம். திருத்தினதை எல்லாருக்கும் விடுகினம்."

கணவர் துவாயைத் தோளில் போட்டார். "அப்ப அமத்துமன்" என்றார் என்னிடம். "ஏன் பாத்துக்கொண்டு இருக்கிறீர்?"

பொத்தானை அழுத்தினேன். ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிக்கிற நேரம் பட்டை நீண்டுகொண்டே போனது. கணவரும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பென்ட்ரைவைக் கழற்றச் சொன்னது, கழற்றினோம். கணினி எழும்பியது. நான் உலை வைக்கவில்லை, வைத்திருந்தாலும் தண்ணீர்கூடச் சுட்டிருக்காது. அச்சுப்பொறியின் கம்பியைக் குத்தியதும், தான் அதைக் கண்டுகொண்டதாக மூலையில் ஒரு சிறிய அறிவிப்பு வந்தது. ஒன்றும் செய்யாமலேயே! சோதனைக்கு ஒரு தாளை அச்செடுத்தேன். அதை ரீச்சர் என் கையிலிருந்து பறித்து, "இது எனக்கு" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் அன்று முதல் சுகமாகப் போனது என்று சொன்னால் பொய். அலுவலகங்களிலிருந்து வரும் சில படிவங்களில் கட்டங்கள் தள்ளிப்போய் நின்றன. இழுத்துச் சரிசெய்ய ஒரு காலை முழுவதும் போயிருக்கிறது. இடம் மாறிய அந்த எழுத்துக்கு என் விரல் பழக இரண்டு கிழமை எடுத்தது. ரீச்சருடைய பெட்டியில் ஒருநாள் சத்தம் வரவே இல்லை. மூன்று நாள் தொலைபேசியில் தேடிக் கடைசியில் ஒலிபெருக்கியின் கம்பி கழன்றிருந்ததைக் கண்டுபிடித்தோம். ஆனால் முன்பு கணினி முரண்டு பிடித்தால் எனக்கு அழுகை வரும். இப்போது என்னவென்று பார்க்கும் ஆசை வந்தது. இந்த வயதில் என்னிடம் இப்படி ஒரு குணம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

சில மாதங்களின் பின் எல்லாப் பட்டியல்களையும் தமிழுக்கு மாற்றினேன். கோப்பு, திருத்து, தேடு, சேமி. என் திரையில் என் மொழி. அப்படிப் பார்த்துக்கொண்டு வரும்போது, படங்கள் பார்க்கும் ஒரு சிறிய செயலியில் "அசசிடு" என்று இருந்தது. சகரத்துக்கு மேல் புள்ளியில்லை. மரண அறிவித்தல் அடிப்பவளின் கண்ணுக்கு அது தூசு விழுந்த மாதிரி. ஒவ்வொரு நாளும் உறுத்தியது.

ரீச்சரிடம் சொன்னேன். "மூடியைத் திறக்கலாம் எண்டு அண்டைக்கு நான்தானே சொன்னனான்" என்றார். "திறவுங்கோவன்."

தேடிப் பார்த்ததில், அந்தச் செயலியைத் தமிழாக்குகிறவர்கள் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் இல்லை, என்னைப் போன்றவர்கள்தான். யாரும் ஒரு கணக்கைத் திறந்து திருத்தத்தை முன்மொழியலாம். ரீச்சர் ஆங்கிலத்தில் இருந்த விளக்கங்களை வரிவரியாகத் தொலைபேசியில் சொல்ல, நான் ஒவ்வொரு கட்டமாகப் போனேன். கடைசியில் ஒரு பெட்டி வந்தது. பழைய சொல் மேலே, வெற்றிடம் கீழே. நான் அடித்தேன்: அச்சிடு. அனுப்பிவிட்டு, யாரோ கண்டிப்பார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

சில நாட்களில் ஒரு மின்னஞ்சல் வந்தது. எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது, தமிழர் ஒருவர் எழுதியிருந்தார். திருத்தம் ஏற்கப்பட்டது, இன்னும் இருந்தால் அனுப்புங்கள் என்று இரண்டே வரி. அதை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, வழமையான புதுப்பித்தல்களோடு அந்தச் செயலிக்கும் ஒன்று வந்தது. முடியும்வரை அச்சுக்கு வந்தவரை உட்காரவைத்துவிட்டு, ஒரு படத்தைத் திறந்து பட்டியலை இறக்கினேன்.

ரீச்சர் பாடசாலையில் இருப்பார் என்று தெரிந்தும் எடுத்தேன்.

"ரீச்சர், புள்ளி வந்திட்டுது!"

ஆசிரியர் அறையில் கதிரை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் அங்கே இருந்த எல்லோருக்கும் உரத்த குரலில் சொல்லத் தொடங்கினார்.